மலையக மாணவருக்கு வணிகப் பொருளியல் பட்டம்: உயர்தரம் முதல் ஆய்வேடு வரை

வணிகப் பொருளியல் என்றால் என்ன என்று இலங்கை மலையகத்தின் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால், வீட்டில் இருக்கும் தேயிலைத் தோட்டச் சம்பளத் துண்டை மறுநாள் எடுத்து வரும்படி சொல்வது என் வழக்கம். முழுப்பேர் (முழு நாட்கூலிக்கான பதிவு) எத்தனை, அரைப்பேர் (அரை நாட்கூலிக்கான பதிவு) எத்தனை, குறித்த கிலோவுக்கு மேலே பறித்த கொழுந்துக்கு எவ்வளவு, கைக்காசுக்கு (பறித்த கிலோவுக்கு மட்டும் கூலி பெறும் வேலைக்கு) போன நாட்கள் எத்தனை, எதற்கெல்லாம் பணம் பிடித்தார்கள் என்ற வரிகளை வைத்துக்கொண்டே ஒரு பாடவேளை முழுவதும் பேச முடியும். நாட்கூலியும் கிலோக்கூலியும் ஏன் ஒரே துண்டில் கலந்து வருகின்றன? பத்துக் கல் தொலைவுக்கு வேறு வேலை கொடுப்போர் இல்லாத இடத்தில் கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோது கம்பனி தன் செலவுக் கணக்கில் எதை மாற்றியது? பொருளியல் கோட்பாட்டையும் எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நிறுவனத்தின் உள்ளிருந்து இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடும் படிப்பே வணிகப் பொருளியல். பொருளியலில் பட்டம் பெறுபவர் நாட்டையும் சந்தையையும் முதன்மையாக நோக்குகிறார். வணிக நிர்வாகம் படிப்பவர் நிறுவனத்தை நடத்தும் முறையை நோக்குகிறார். வணிகப் பொருளியல் மாணவர் இரண்டுக்கும் நடுவே நின்று விலை, உற்பத்தி, கூலி, முதலீடு ஆகிய தீர்மானங்களை அளந்து பார்க்கிறார்.

இந்தப் பட்டத்துக்குப் போன எங்கள் பிள்ளைகளில் தடுமாறியவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்குப் பொருளியல் கடினமாக இருக்கவில்லை. ஆங்கிலமும் கணிதமுமே அவர்களைப் பின்னால் இழுத்தன. இரண்டையும் பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்கு முன்னரே சரிசெய்துகொள்ள முடியும், அதற்கான காலமும் கையில் இருக்கிறது என்பதே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது. ஏனைய படிகளை அதைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

முதற்படி: உயர்தரத்தில் பாடங்களும் இசட் புள்ளியும்

மலையகத்தின் பல பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கலையும் வணிகமும் மட்டுமே உள்ளன. இது பெருங்குறைதான் என்றாலும், நம் நோக்கத்துக்கு வணிகப் பிரிவு போதுமானது. கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய மூன்றும் முகாமைத்துவப் பீடங்களின் கதவைத் திறக்கும் வழமையான சேர்க்கை. சாதாரண தரக் கணிதத்தை எப்படியோ கடந்துவிட்டோம் என்று அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது மீண்டும் தேவைப்படும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களில் ஒரே தடவையில் சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். அந்தப் பரீட்சையை அலட்சியம் செய்து நல்ல பெறுபேறு வீணாகிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்தது, அனுமதிக்கான வரிசையைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. பலர் அதை மர்மமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது ஒரே வரிக் கணக்கு. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை (எல்லோரது புள்ளிகளின் சராசரியை) கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் (புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்துள்ளன என்பதன் அளவால்) வகுத்தால் கிடைப்பது அது. எடுத்துக்காட்டாக, இடை 52, நியம விலகல் 14 என்று வைத்துக்கொள்வோம். 73 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 1.5. மூன்று பாடங்களின் சராசரியே இறுதி எண். ஆகவே எல்லோரும் கூடுதலாகப் புள்ளி எடுக்கும் பாடத்தில் நீங்களும் கூடுதலாக எடுப்பது பெரிய முன்னேற்றத்தைத் தராது. மற்றவர்கள் பின்வாங்கும் பாடத்தில் ஊன்றி உழைப்பவரே முந்துவார். கணக்கைக் கண்டு அஞ்சுபவர்கள் நிறைந்த வகுப்பில் கணக்கீட்டுக்காகச் செலவிடும் ஒரு மணித்தியாலம் வீணாவதில்லை.

கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என ஏற்றுக்கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை ஆகியவை அந்தப் பதினாறில் அடங்கும். கண்டியும் மாத்தளையும் அடங்கா. நல்ல வகுப்பு கிடைக்கும் என்று பிள்ளையை உயர்தரத்துக்கு வேறு மாவட்டத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வாசித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். கைந்நூல் தமிழிலும் வெளிவருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பதை நம்பாமல் அந்தந்த ஆண்டுக்குரிய கைந்நூலை நீங்களே வாசியுங்கள், ஏனெனில் நிபந்தனைகள் ஆண்டுதோறும் சிறிது மாறக்கூடியவை.

விண்ணப்பத்துக்கு முன் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு என்ற நிலை தோட்டங்களில் இன்றும் உண்டு. பெறுபேறு வந்த பிறகு பிரதேச செயலகத்துக்கு அலையாமல், உயர்தரம் படிக்கும்போதே கிராம உத்தியோகத்தரைக் கண்டு இதனைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம்

வணிகப் பொருளியலுக்கெனத் தனித் திணைக்களம் வைத்திருப்பவற்றில் இரண்டை முதலில் நோக்கலாம். ஒன்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் மற்றும் வர்த்தக பீடம். மற்றொன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடம். இரண்டிலும் கற்பித்தல் ஆங்கில மொழிமூலம். நீங்கள் முதலில் முகாமைத்துவக் கற்கைநெறிக்கே தெரிவாகிறீர்கள். வணிகப் பொருளியலைச் சிறப்புத் துறையாகத் தெரிவு செய்வது உள்ளே சென்று பொதுப்பாடங்களை முடித்த பின்னர்தான். அந்தத் தெரிவில் உங்கள் விருப்பத்துடன் அதுவரை எடுத்த புள்ளிகளும் பார்க்கப்படும் என்பதால், முதல் ஆண்டை ஓய்வாண்டாகக் கருதுவது பெருந்தவறு.

கலைப் பிரிவில் பொருளியலை ஒரு பாடமாகப் படித்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலும், யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் பொருளியலில் சிறப்புப் பட்டம் பெறலாம். அங்கே நிறுவனம் சார்ந்த பாடங்களைத் தெரிந்தெடுத்தால் வணிகப் பொருளியலுக்கு மிக அருகில் வந்துவிடலாம். வெட்டுப்புள்ளி கைகூடாதவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய நிலையங்கள் உள்ளன. வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு அது மதிப்பான வழி. தனியார் நிறுவனத்தில் சேர்வதாயின், அந்தப் பட்டம் ஆணைக்குழுவினாலோ கல்வி அமைச்சினாலோ அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நகைகளை அடகு வைத்துக் கட்டிய பணம் அங்கீகாரமற்ற சான்றிதழாக வீட்டுக்குத் திரும்பிய கதைகள் நம்மிடையே போதுமான அளவு உண்டு.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும்போது, கிடைக்கக்கூடியது எது என்று ஊகித்து எழுதாமல், உண்மையிலேயே எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் செல்லும். மேலே எழுதியதால் கீழே உள்ளதற்கான வாய்ப்புக் குறைந்துவிடாது.

காத்திருக்கும் காலம்: உண்மையான முதலாம் ஆண்டு

உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, விரிவுரை தொடங்குவதற்கு இலங்கையில் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போவது இந்தக் காலத்தில்தான். வீட்டு நிலைமை அப்படியிருந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் போகும் இடத்திலும் நாளுக்கு இரண்டு மணித்தியாலத்தை இந்தப் படிப்புக்கென ஒதுக்குங்கள் என்று நான் மன்றாடியே கேட்பேன்.

ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு. பொதுவான பேச்சு ஆங்கிலத்தைவிடப் பாட ஆங்கிலமே முதலில் தேவை. உங்கள் தமிழ்ப் பொருளியல் பாடநூலை எடுத்து, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடும் ஆங்கிலப் பதிப்பையோ ஆசிரியர் வழிகாட்டியையோ அதன் அருகில் வைத்து, ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் வாசியுங்கள். கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி, அமையச் செலவு, எல்லைச் செலவு என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எண்ணக்கருக்களுக்கு ஆங்கிலத்தில் வேறொரு பெயர் இருக்கிறது, அவ்வளவே. ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறி, தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், சிங்களச் சொல் என்று எழுதிவாருங்கள். மூன்றாவது நிரல் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் கொழும்பிலும் உங்களோடு குழுவாக இருந்து கணக்குச் செய்யப்போகிறவர்களில் பெரும்பான்மையோர் சிங்கள மாணவர்கள். அவர்களும் ஆங்கிலத்தில் உங்களைப் போலவே திணறுவார்கள். நுண்ணிய இடங்களில் அவர்கள் தங்கள் மொழியில் விளக்கிக்கொள்ளும்போது நீங்கள் வெளியே நிற்காமல் இருக்க அந்த நிரல் உதவும். ஆறு மாதம் கழிந்ததும், நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு செய்தியை ஆங்கிலத்தில் வாசித்து அதன் சாரத்தை ஐந்து ஆங்கில வசனங்களில் எழுதத் தொடங்குங்கள். பிழை வரட்டும், எழுதும் கை பழக வேண்டும்.

மற்ற மணித்தியாலம் கணிதத்துக்கு. சாதாரண தரத்தின் இருபடிச் சமன்பாடு, வரைபு, மடக்கை, வீதம் ஆகியவற்றில் தொடங்கி, வகையீட்டின் (ஒன்று சிறிது மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் முறையின்) அடிப்படை, தாயங்கள், நிகழ்தகவு என்று ஏறுங்கள். கணிதப் பிரிவில் படித்தவர்கள் இவற்றை உயர்தரத்திலேயே கண்டிருப்பார்கள். வணிகப் பிரிவு மாணவருக்கு வகையீடு புதியது, ஆகவே அங்கேதான் அச்சம் பிறக்கிறது. அந்த அச்சத்தைப் போக்க ஒரு சிறு கணக்கைச் செய்து காட்டுகிறேன்.

ஒரு நகரில் ஒரேயொரு பணிஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை 100 ரூபா என்றால் ஒருவரும் வாங்கமாட்டார். விலையில் 2 ரூபா குறைக்கும்போதெல்லாம் ஒரு பணிஸ் கூடுதலாக விற்கும். அப்படியானால் விலை, 100இலிருந்து விற்கும் அளவின் இருமடங்கைக் கழித்தால் வருவது. மொத்த வருமானம், விலையை அளவால் பெருக்கினால் வருவது. அதனை வகையிட்டால் எல்லை வருமானம், அதாவது இன்னொரு பணிஸ் விற்பதால் கூடும் வருமானம், கிடைக்கும்: 100இலிருந்து அளவின் நான்கு மடங்கைக் கழித்தது. ஒவ்வொரு பணிஸும் செய்ய 20 ரூபா செலவாகிறது என்றால் (இதுவே எல்லைச் செலவு), எல்லை வருமானமும் எல்லைச் செலவும் சமப்படும் அளவு 20. அந்த அளவுக்குரிய விலை 60 ரூபா. இலாபம் 800 ரூபா. இப்போது வகையீட்டை மறந்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். விலையை 50 ஆக்கினால் 25 விற்கும், இலாபம் 750. விலையை 70 ஆக்கினால் 15 விற்கும், இலாபம் மீண்டும் 750. மேலே போனாலும் கீழே போனாலும் குறைகிறது. வகையீடு செய்ததெல்லாம், பல விலைகளைத் தடவித் தேடாமல் நேரே உச்சிக்கு அழைத்துச் சென்றதுதான். முதலாம் ஆண்டு நுண்பாகப் பொருளியலின் பாதி இந்த ஒரே கணக்கின் வெவ்வேறு வடிவங்கள்.

கணினி கிடைத்தால் எக்செல் பழகுங்கள். பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஒரு மாதம் அமர அதிபர் அனுமதித்தால் அதுவே போதும்.

பணம்

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கப்பட்டது; திறமையும் குடும்ப வருமானமும் பார்த்து வழங்கப்படுகிறது. அது கிடைக்காதவருக்குப் பல்கலைக்கழகம் ஊடாக நிதியுதவி உண்டு. விண்ணப்பத்தோடு வருமானச் சான்று கேட்கப்படும். தோட்ட நிருவாகம் தரும் சம்பள விபரமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தே அனுப்புங்கள். முதல் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் மூன்று மாதத்துக்கான சாப்பாடு, பயணம், போட்டோபிரதிச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது அவசியம். விடுதிக்கும் உரிய நாளில் விண்ணப்பியுங்கள்.

பகிடிவதை குறித்து ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. மொழி தெரியாத, தொலைவிலிருந்து வந்த பிள்ளையே எளிதில் இலக்காகிறாள். பொறுத்துக்கொண்டு படிப்பை விட்டுத் திரும்புவதைவிட, மாணவ ஆலோசகரிடம் முதல் நாளே சொல்வது மேல்.

பட்டத்தின் உள்ளே

சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி அதற்கு 120 திறமைக்கூறுகள் வேண்டும். ஒரு கூறு ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை மண்டபத்தில் அமரும் நேரம் அதில் சிறு பகுதியே. மூன்று கூறு கொண்ட ஒரு பாடம் உங்களிடமிருந்து 150 மணித்தியாலத்தை எதிர்பார்க்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டவர், பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அழமாட்டார். பெரும்பாலான பீடங்களில் 4.00 அளவுத்திட்டத்தில் 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.

நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், கணக்கீடு, சந்தைப்படுத்தல், நிதி முகாமைத்துவம், புள்ளிவிபரவியல் ஆகியவை அடித்தளம். அதற்கு மேலே முகாமைத்துவப் பொருளியல், கைத்தொழில் அமைப்பு, சர்வதேச வர்த்தகம், பொருளாதார அளவையியல் என்று போகும். இவற்றில் பொருளாதார அளவையியலே பட்டத்தின் முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. பல காரணங்கள் ஒன்றாகச் செயற்படும்போது ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் கலை அது. மலையகத்தில் வளர்ந்தவருக்கு அதற்கான எடுத்துக்காட்டு வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் தடை தளர்ந்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. அதே காலத்தில் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ரூபாவிலான சராசரி விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. இந்த மூன்று செய்தியையும் அடுக்கிப் பார்க்கும் முதலாம் ஆண்டு மாணவர், உரம் இல்லை, நிரம்பல் குறைந்தது, ஆகவே விலை ஏறியது என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் 2022இல் ரூபாவும் வீழ்ந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நம் தேயிலையின் மிகப் பெரும் பகுதி ஏற்றுமதியாவதால், ஏலத்தில் வாங்குபவர் மனத்தில் டொலர்க் கணக்கே ஓடுகிறது. அதே விலைகளை ஆண்டுச் சராசரி நாணயமாற்று வீதத்தில் டொலராக மாற்றினால், இரட்டிப்பு என்று தோன்றிய உயர்வு மிகவும் சுருங்கிவிடும். அதற்குப் பின் எஞ்சும் உயர்வுக்குத்தான் நிரம்பற் குறைவையும் உலகக் கேள்வியையும் காரணமாகத் தேட வேண்டும். உற்பத்தி வீழ்ச்சியிலும் உரத்தின் பங்கு எது, மழையின் பங்கு எது, 2022இல் எரிபொருளின்றி லொறிகள் நின்றதன் பங்கு எது என்று பிரிக்க வேண்டும். பொருளாதார அளவையியலின் முதன்மைக் கருவியான பிற்செலவு ஆய்வு (regression) செய்வது இந்த வேலையைத்தான். விரிவுரையில் அது குறியீடுகளாக வரும்போது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் உரமூட்டையையும் மழைமானியையும் நினைத்துக்கொண்டவர்களுக்கு அது விளங்கியிருக்கிறது.

மரக்கறிச் செய்கைக் குடும்பத்தவர்களுக்கும் சொந்தப் பாடம் உண்டு. நுவரெலியாவில் கரட் விலை ஒரு போகத்தில் உச்சத்துக்குப் போனால், அடுத்த போகத்தில் எல்லோரும் கரட் போடுகிறார்கள்; அறுவடையில் விலை விழுந்து, அடுத்து எல்லோரும் கைவிடுகிறார்கள். சென்ற போக விலையைப் பார்த்து இந்தப் போகத்து நிரம்பல் தீர்மானிக்கப்படுவதால் எழும் இந்த ஆட்டத்தைப் பாடநூல் சிலந்திவலை மாதிரியாகக் கற்பிக்கிறது.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் தொழிற்பயிற்சி வரும். வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் கோப்பு அடுக்கும் இடத்தைவிட, தேயிலைத் தரகு நிறுவனத்தில் ஏலப் பட்டியல் தயாராகும் மேசையருகே கிடைக்கும் ஆறு மாதம் எத்தனையோ மடங்கு மேலானது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 முதல் நடந்துவருகிறது. தோட்டத்தில் பறிக்கப்பட்ட கொழுந்துக்கு விலை எங்கே, யாரால், எப்படி வைக்கப்படுகிறது என்பதை ஒரு மலையகப் பிள்ளை அங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

ஆய்வேடு

தலைப்பை உலகமயமாக்கல், நிலைபேறான அபிவிருத்தி என்று அகலமாக வைக்காதீர்கள். ஒரே கேள்வி, அதற்கு விடை சொல்லக்கூடிய தரவு, அவ்வளவே வேண்டும். நமக்குள்ள ஓர் அனுகூலத்தைப் பலர் கவனிப்பதில்லை: தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தன் வீட்டு வருமான, செலவின அளவீட்டில் நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துத் தருகிறது. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடுகளிலும் தேயிலைச் சபையின் புள்ளிவிபரங்களிலும் மேலும் பல தொடர்கள் உண்டு. கிலோக்கூலி முறைக்கு மாறிய தோட்டத்தில் வேலைநாட்கள் எப்படி மாறின, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணம் லயத்து வீடுகளில் எதற்குச் செலவாகிறது, சிறு தோட்ட உடைமையாளர் பச்சைக் கொழுந்துக்குப் பெறும் விலை தொழிற்சாலைக்குள்ள தூரத்தோடு எப்படி மாறுகிறது என்பன ஒரு மாணவரால் செய்து முடிக்கக்கூடிய கேள்விகள்.

களத்தில் தகவல் திரட்டும்போது உறவினரிடம் மட்டும் வினாக்கொத்தைக் கொடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே டிவிசனில் சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று நாற்பது பேரைக் கேட்டால் கிடைப்பது குடும்பத்தின் கருத்து. தோட்டத்தின் நிலைமை அதில் தெரியாது. பெயர்ப்பட்டியலிலிருந்து எழுமாறாகத் தெரிவு செய்யுங்கள். சம்பளத்தையும் கடனையும் கேட்கும்போது கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அருகில் இல்லாத நேரத்தில் கேளுங்கள், பெயரை எழுதாதீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கு மலையகம் புதிதாக இருக்கலாம். பேர், அரைப்பேர், கைக்காசு ஆகியவற்றை அவருக்கு விளக்கி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தால், அதுவே உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு அடித்தளமாகிவிடும்.

இறுதிப் பருவத்திலேயே அடுத்ததற்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். வங்கிகள், பெருந்தோட்டக் கம்பனிகள், தரகு நிறுவனங்கள் ஆகியவை ஒருபுறம். இலங்கைத் திட்டமிடல் சேவை, நிருவாக சேவை ஆகியவற்றின் போட்டிப் பரீட்சைகள் மறுபுறம். அந்தப் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம். வர்த்தமானி அறிவித்தலை வாரந்தோறும் பாருங்கள். கணக்கீட்டில் தொழிற்தகைமை பெற விரும்புவோர், பட்டத்தில் படித்த பாடங்களுக்கு விலக்களிப்பு உண்டா என்று பெறுபேற்றுத் தாளுடன் அந்நிறுவனங்களிடம் கேளுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதியை நீங்கள் படித்த பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்து வரும் பிள்ளைக்கு மாதிரி ஒன்று கையில் கிடைக்கும்.